கொள்ளைநோய்க் கணக்கைப் படிக்கும் முறை

[நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு]



கொரோனா என்னும் கொள்ளைநோய் நம் தேசத்தின் எப்பகுதியில் எவ்வளவு கேடு விளைத்தது என்பதனை, பொதுமக்கள் பார்வைக்கென வெளியிடப்பெற்ற கணக்குகளைத் துணையாகக் கொண்டு இக்கூட்டத்தில் எடுத்துரைக்குமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் எமக்குக் கணக்கு எற்றுக்கு என்று நகைப்பாரும் இவ்வவையில் உளர் போலும். எண்ணும் ஒருவகைச் சொல்லே. சொல்லைக் கண்டவிடத்து, இச்சொல் யாரால், எப்பொருளில், எவ்விடத்துச் சொல்லப்பட்டது என்று வினவுதல் எம் தொழில். அவ்வளவே யாம் இன்று செய்யப் புகுந்தது.

இதனை எடுத்துக்கொள்ளக் காரணமும் ஒன்று உண்டு. சென்ற ஆண்டுக் கூட்டத்தில் நம்முள் முதியவர் ஒருவர் எழுந்து, 'கேரளத்தில் கொரோனாவால் இறந்தவர் மிகப் பலர். பீகாரில் மிகச் சிலர். நம் நாடு நடுத்தரம். நம் ஜில்லாவோ மிகக் குறைவு. நம்மவர் உண்ணும் மிளகுரசமும் பூண்டும் நம்மைக் காத்தன' என்று கூறினார். அவையினர் கைதட்டி மகிழ்ந்தனர். பெரியவர் பேச்சில் சுற்றத்தார்பால் அன்பு மிகுதியும் இருந்தது. ஆனால் அவர் எடுத்துக்காட்டிய எண்கள் அவர் கூறிய முடிவைத் தாங்கவல்லனவா என்பதை ஆராயாமல் விடுதல் தகாது. ஏனெனில் அம்முடிவை நம்பி, அடுத்த கொள்ளைநோய் வருங்கால் தடுப்பூசியை விட்டு ரசத்தை நம்பியிருப்பார் நம் வீட்டுப் பிள்ளைகள்.

மாணாக்கர்க்கு யாம் ஆகுபெயர் கற்பிக்குங்கால் 'ஊர் சிரித்தது' என்னும் உதாரணத்தைச் சொல்வது வழக்கம். ஊராகிய மண்ணும் மரமும் சிரிப்பதில்லை. ஊரில் வாழும் மக்களே சிரித்தனர். ஊர் என்னும் இடப்பெயர் மக்களுக்கு ஆகிவந்தது. 'இம்மாநிலத்தில் கொரோனாவால் இறந்தவர் இத்தனை பேர்' என்று நாள்தோறும் வெளிவந்த அறிக்கையிலும் இத்தகைய ஆகுபெயர் ஒன்று மறைந்திருக்கிறது. அவ்வெண் இறந்தவர் அனைவரையும் குறிப்பதன்று. இறந்தவருள் சோதனை செய்யப்பெற்று, நோய் உண்டென்று தெளியப்பெற்று, அந்நோயே மரணத்துக்குக் காரணமென்று வைத்தியரால் எழுதப்பெற்று, எழுதியவாறே மேலிடத்துக்கு அனுப்பப்பெற்றவர் எவரோ அவரை மட்டும் அது குறிக்கும். இந்நான்கு வாயில்களிலும் சிலர் சிலராக நின்றுவிடுகின்றனர். வாயிலின் அகலமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளத்து வாயில் அகன்றது. பீகாரின் வாயில் குறுகியது. எனவே வாயிலைக் கடந்து வந்தோரை மட்டும் எண்ணி, உள்ளே இருந்தோர் தொகை இன்னதென்று ஒப்பிடப் புகுவது சாலாது.

முதியவர் சொன்ன இரு நாடுகளையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். கேரளத்து அறிக்கைப்படி இறந்தவர் ஏறக்குறைய 72 ஆயிரம் பேர். பீகாரின் அறிக்கைப்படி 12 ஆயிரத்துச் சொச்சம். 2011-ம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் கேரளத்தார் 3 கோடியே 34 லட்சம்; பீகாரியர் 10 கோடியே 41 லட்சம். வகுத்துப் பார்ப்பின், கேரளத்தில் லட்சம் பேருக்கு 215 பேர் இறந்தனர் என்றும், பீகாரில் லட்சம் பேருக்கு 12 பேரே இறந்தனர் என்றும் வரும். அஃதாவது ஒன்றுக்குப் பதினெட்டு மடங்கு. தமிழ்நாட்டுக்கு 38 ஆயிரம் இறப்பும் 7 கோடியே 21 லட்சம் ஜனமும் வைத்துக் கணக்கிடின், லட்சத்துக்கு 53 அளவில் நிற்கும். முதியவர் சொன்ன வரிசை அறிக்கையின்படி சரியே.

இனிப் பதினெட்டு மடங்குக்குக் காரணம் தேடுவோம். முதற்கண் வயது. இந்நோய் முதியோரையே மிகுதியும் கொண்டுசென்றது என்பது யாவரும் அறிந்தது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர், 2011 கணக்கின்படி, கேரளத்தில் 100-க்கு 12.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், பீகாரில் 7.4 பேர். ஆகவே ஒரே அளவாக நோய் பரவியிருப்பினும் கேரளத்தில் இறப்பு மிகுந்திருத்தல் இயல்பே. ஆனால் முதியோர் விகிதம் இரண்டு மடங்கு கூட இல்லை. இறப்போ பதினெட்டு மடங்கு. வயது என்னும் காரணம் சிறிது தூரம் வழி வந்து நின்றுவிடுகிறது.

அஃதேல், கேரளத்தில் நோய் மிகப் பரவிற்று, பீகாரில் பரவவில்லை என்று கொள்ளலாமோ எனின், அதுவும் ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் 21 மாநிலங்களின் 70 ஜில்லாக்களில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். நோய் வந்து போயினும், தடுப்பூசி இடப்பெறினும், இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். அது யாரிடம் உளது என்று பார்ப்பதே அச்சோதனை. தேசம் முழுவதுக்கும் 100-க்கு 67.6 பேரிடம் அது காணப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் 79, பீகாரில் 75.9, தமிழ்நாட்டில் 69.2, கேரளத்தில் 44.4. சோதித்த மாநிலங்களுள் கேரளமே கடைசி! அந்நாட்களில் நாடோறும் வெளிவந்த புதுநோயாளர் பட்டியலில் முன்வரிசையில் நின்றதும் அதே கேரளம். செய்தித்தாள் படித்தவர் கேரளத்தைக் கண்டு அஞ்சினர். அங்கேயோ பாதிப்பேருக்கு மேல் இன்னும் நோயே தொடாதவராக இருந்தனர்.

இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது? சிறு பெருக்கல் செய்தால் விடை தெரியும். கேரளத்து ஜனத்தொகையில் 100-க்கு 44 என்றால் ஒன்றரைக் கோடி. அதுவரையில் அறிக்கையிற் கண்ட நோயாளர் 29 லட்சம் அளவினர். ஆகவே நோய் கண்ட ஐந்தாறு பேரில் ஒருவர் எண்ணப்பட்டார். பீகாரில் 100-க்கு 76 என்றால் எட்டுக் கோடியளவில் ஆகும். அறிக்கையிற் கண்டவரோ 7 லட்சத்துச் சொச்சம். நூற்றுவருக்கு ஒருவர் கூட எண்ணப்படவில்லை. தடுப்பூசியால் எதிர்ப்பொருள் பெற்றவரும் இதில் அடங்குவர், மாநிலத்துக்குச் சிலநூறு முதல் சில ஆயிரம் பேரையே சோதித்தனர் என்ற ஐயங்கள் நியாயமானவையே. எனினும் ஐந்துக்கும் நூறுக்கும் உள்ள தூரத்தை அவ்வையங்கள் மூடிவிடா. கேரளத்தின் பெரிய எண்ணிற் பெரும்பகுதி, அந்நாட்டார் கண்ணைத் திறந்து வைத்திருந்தமையின் அடையாளம் என்றே யாம் கொள்கின்றோம்.

எண்ணிக்கையின் குறை அரசினரே பின்னர் உணர்ந்து திருத்தியதும் உண்டு. பீகார் அரசாங்கத்தார் 2021 ஜூன் 9-ம் நாள், அதுவரை 5,458 என்றிருந்த இறப்பெண்ணை ஒரே நாளில் 9,429 என்று உயர்த்தி வெளியிட்டனர். நம் தமிழ்நாட்டிலும் 2020 ஜூலை 22-ம் நாள், சென்னையில் முன்னர் விடுபட்ட 444 இறப்புக்கள் சேர்க்கப்பட்டன. கேரளத்தாரும் 2021 அக்டோபர் முதல் பழைய மரணங்களைப் பல ஆயிரமாகச் சேர்த்துக்கொண்டே வந்தனர். இவ்வாறு சேர்த்தமைக்காக இவ்வரசுகளை ஏசியவர் பலர். எமது அபிப்பிராயம் வேறு. பழைய ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதிப்பார், செல்லரித்த இடத்தைச் செல்லரித்ததென்று புள்ளியிட்டுக் காட்டும் பிரதியையே மதிப்பர்; சிதைந்த இடத்தைத் தம் மனம் போனவாறு நிரப்பி, அழகாக எழுதிவைத்த பிரதியைக் கண்டு அஞ்சுவர். விடுபட்டதை விடுபட்டதென்று சொல்லிய நாளில்தான் அந்தக் கணக்கு நம்பத்தக்கதாகத் தொடங்கிற்று.

நிற்க. இச்சங்கடம் நம் காலத்தில் முளைத்ததன்று. 1918-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் இன்புளூயன்சா என்னும் விஷசுரம் புகுந்தது. முதலில் மெல்ல வந்து அடங்கிய அந்நோய், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மீண்டும் எழுந்து தேசத்தையே உலுக்கிற்று. அந்நாளில் ஜனன மரணக் கணக்கு எழுதும் பொறுப்பு, நம் சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப்பைச் சார்ந்தது. வங்காளத்தில் சௌகீதார் என்னும் காவற்காரன் வாய்மொழியாகச் சொல்லி வந்தான். நோயின் பெயரை அவர்கள் எங்ஙனம் அறிவர்? பெரும்பாலான மரணங்கள் 'சுரம்' என்னும் பத்தியிலேயே ஏறின. கணக்கு எழுதவேண்டிய முன்சீப்பே படுத்துக்கிடந்தவிடத்து மரணங்கள் ஏட்டில் ஏறாமலே போயின.

ஆதலின் எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கு அன்றுமுதல் இன்றுவரை ஒரு முடிவு ஏற்படவில்லை. அரசினரின் முதற் கணக்கு 60 லட்சம் என்றது. 1921-ல் ஜனத்தொகை எடுத்தபின் ஒரு கோடியே 20 லட்சத்துக்கு மேல் என்றனர். 1986-ல் மில்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரு கோடியே 70 லட்சத்துக்கும் 80 லட்சத்துக்கும் இடைப்பட்டதென்று காட்டினார். 2012-ல் சந்திரா என்பவரும் அவர் கூட்டத்தாரும் ஒரு கோடியே 39 லட்சம் அளவில் என்றனர். ஒரு தேசத்தில் ஒன்றரை ஆண்டுக்குள் நடந்த மரணத்தை நூறாண்டு எண்ணியும் முடியவில்லை பாருங்கள்! ஐயமின்றி நமக்குத் தெரிவது ஒன்று: இன்றைய இந்தியாவின் எல்லைக்குள் அடங்கிய நிலப்பரப்பில், 1911 முதல் 1921 வரையுள்ள பத்தாண்டில் ஜனத்தொகை பெருகாமற் சற்றுக் குறைந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஜனத்தொகைக் கணக்கில் வேறெந்தப் பத்தாண்டிலும் அவ்வாறு நேர்ந்ததில்லை.

இந்நோயும் எல்லாப் பகுதியையும் ஒருபடித்தாகத் தாக்கவில்லை. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் பெரிதும் அழிந்தன. கிழக்கே வங்காளத்துக்குச் செல்லச் செல்ல நோயின் வேகம் தணிந்தது. சென்னை மாகாணம் பம்பாயைவிடக் குறைவாகவே பாடுபட்டது. மேற்கு நாடுகளில் அவ்வாண்டு மழை பொய்த்து, தானிய விலை ஏறி, உண்ண உணவின்றி மக்கள் மெலிந்திருந்தமை ஒரு காரணமென்பர். கிருமியே நாளடைவில் வீரியம் குன்றிற்று என்பாரும் உளர். சென்னையைக் காத்தது ரசமென்று எவரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அன்றும் நம்மவர் ரசம் உண்டே வாழ்ந்தனர். அன்றும் லட்சக்கணக்கில் மாண்டனர்.

இவ்விடத்தில், ஒரு சமூகத்தின் சங்கமாகிய நாம் சற்று நின்று பார்க்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 1918-ல் பம்பாய் நகரத்து இறப்பு வகுப்புவாரியாகப் பிரித்து எழுதப்பட்டது. ஆயிரம் பேருக்கு இறந்தவர் ஐரோப்பியருள் 8 பேர் அளவில். பார்சிகளுள் 9 பேர். சாதி இந்துக்களுள்ளும் முகம்மதியருள்ளும் 19 பேர் அளவில். தாழ்த்தப்பட்ட இந்துக்களுள் 61 பேருக்கு மேல். ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே கிருமி. கணக்கோ எட்டும் அறுபத்தொன்றும். இதனைக் கண்டு, பிறப்பிலே உடல்வலிமை வேறு என்று பேசினார் அந்நாளிற் சிலர். ஓர் அறையில் பத்துப்பேர் நெருங்கிப் படுத்தலும், காய்ச்சலோடு கூலிக்குச் செல்லுதலும், கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஓர் ஆள் எழுந்து நடமாட இல்லாமையும் அறியாதார் பேச்சு அது. இரத்தம் வேறன்று, குடியிருப்பு வேறு. நம் சமூகத்தாரிலும் மாடிவீட்டில் இருந்தவர்க்கும் ஆலையை அடுத்த ஒற்றை அறையில் இருந்தவர்க்கும் 2021-ல் நேர்ந்தது ஒன்றன்று என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். கொரோனாவுக்கு நாள்தோறும் வந்த அறிக்கைகளில் வகுப்புப் பத்தி இல்லை. ஆதலால் 'நம்மவருள் குறைவு' என்றோ 'மிகுதி' என்றோ அவற்றைக் கொண்டு ஒருவரும் சொல்ல இயலாது; சொல்பவர் தம் விருப்பத்தையே சொல்கின்றார்.

இனி இரண்டாவது சாட்சியை அழைப்போம். ஒரு நூலுக்கு ஒரு பிரதியே கிடைப்பின் பாடம் துணிதல் அரிது. இரண்டு மூன்று கிடைப்பின் ஒன்றன் பிழையை ஒன்று காட்டும். நோய் அறிக்கையைச் சாராமல், எக்காரணத்தாலேனும் நிகழ்ந்த எல்லா மரணங்களையும் எழுதும் ஏடு ஒன்று நம்மிடம் உண்டு. அது 1969-ம் ஆண்டின் ஜனன மரணப் பதிவுச் சட்டப்படி எழுதப்படுவது. அதில் தேசம் முழுவதும் பதிவான மரணங்கள் 2019-ல் 76 லட்சத்து 40 ஆயிரம் அளவில். 2020-ல் 81 லட்சத்து 20 ஆயிரம். 2021-ல் ஒரு கோடியே 2 லட்சத்து 20 ஆயிரம். 2022-ல் 86 லட்சத்து 50 ஆயிரம். 2021-ம் ஆண்டுக்குரிய ஏடு 2025 மே மாதத்திலேதான் வெளிவந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 21 லட்சம் ஏறி, அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 16 லட்சம் இறங்கியிருக்கிறது. அவ்வாண்டுக்குக் கொரோனா அறிக்கை காட்டிய இறப்போ 3 லட்சத்து 30 ஆயிரம் அளவே.

இதற்கு அரசினர் தரப்பில் ஒரு விடை உண்டு. பதிவு செய்யும் பழக்கம் ஆண்டுதோறும் பரவிவருகிறது. ஆகவே ஏறிய எண் முழுதும் மிகுந்த மரணம் ஆகாது. அதில் ஒரு பகுதி முன்பு எழுதாமல் விட்டதை இப்போது எழுதியதே என்பர். அவ்விடை நியாயமுடையது. ஆனால் எழுதும் பழக்கம் ஓராண்டில் வளர்ந்து மறு ஆண்டில் தேய்வதில்லை. 2022-ல் எண் இறங்கிய வகை அவ்விடைக்குள் அடங்கவில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் 2022 மே மாதத்தில், இந்தியாவில் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் மிகையாக நிகழ்ந்த மரணம் 47 லட்சம் என்று மதிப்பிட்டனர். இந்திய அரசாங்கத்தார் அம்முறையை ஒப்புக்கொள்ளவில்லை. அறிக்கையின்படி அவ்வீராண்டுக்கும் 4 லட்சத்து 81 ஆயிரம். இவ்விரண்டுக்கும் இடையே எது உண்மை என்று யாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை. சிறிய எண் மட்டும் மெய்யாதற்கு வழியில்லை என்பதை அரசினர் ஏடே காட்டிவிட்டது.

அவ்வேட்டிலும் ஓட்டை உண்டு என்பதை மறத்தலாகாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இறந்தவருள் 100-க்கு 71 பேர் அளவிலேதான் பதிவாகின்றனர். கேரளத்தில் அனேகமாக எல்லாரும். பீகாரில் பாதிக்கும் குறைவு. பதிவானவருள்ளும் இன்ன காரணத்தால் இறந்தார் என்று வைத்தியர் கையெழுத்திட்டது, 2020-ல் 100-க்கு 22.5 பேருக்கே.

ஜில்லா கணக்கைப் பற்றியும் ஒரு சொல். மரணம் நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். பெரம்பலூர்க்காரர் ஒருவர் திருச்சிராப்பள்ளி வைத்தியசாலையில் இறப்பின், பதிவு திருச்சிக்கே சேரும். பெரிய வைத்தியசாலை உள்ள ஊர் நோய்மிக்க ஊராகவும், வைத்தியசாலை இல்லாத ஊர் ஆரோக்கியத்தின் இருப்பிடமாகவும் தோன்றுவது இதனாலும் நேரும். அன்றியும் பெரம்பலூர் ஜில்லாவின் ஜனத்தொகை 5 லட்சத்து 65 ஆயிரம். சென்னையின் தொகை 46 லட்சத்துக்கு மேல். பத்து மரணம் கூடினாலோ குறைந்தாலோ, பெரம்பலூரின் விகிதம் லட்சத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாறும். சென்னையின் விகிதம் அசையவே அசையாது. சிறு ஜில்லா பட்டியலின் தலையில் நின்றாலும் காலில் நின்றாலும் நாம் துள்ளவேண்டியதில்லை.

மூன்றாவது சாட்சி பணம். கொரோனாவால் இறந்தார் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை தரவேண்டும் என்பதனை உச்சநீதிமன்றத்தார் 2021 அக்டோபரில் உறுதிசெய்தனர். நோய் உண்டென்று தெளியப்பெற்ற நாளிலிருந்து 30 நாளைக்குள் இறந்தவரை அந்நோயால் இறந்தவராகக் கொள்ள வேண்டும் என்று விதியும் ஏற்பட்டது. 2022 ஜனவரியில் அந்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பெற்ற கணக்கைக் கேளுங்கள். குஜராத்தில் அறிக்கைப்படி இறந்தவர் 10 ஆயிரம் அளவினர். அரசினரே ஆராய்ந்து ஒப்புக்கொண்ட விண்ணப்பங்கள் 68 ஆயிரத்துக்கு மேல்! தெலுங்கானாவில் இறப்பு 4 ஆயிரத்துக்கும் குறைவு. விண்ணப்பம் 30 ஆயிரம் அளவில். நம் மாநிலத்திலும் விண்ணப்பங்கள் அறிக்கையை மிஞ்சின. கேரளத்திலோ இறப்பு 49 ஆயிரம். விண்ணப்பம் 27 ஆயிரம். அறிக்கை நேராக எழுதப்பட்ட நாட்டில் விண்ணப்பம் அதற்குள் அடங்கிற்று. குறைத்து எழுதப்பட்ட நாட்டில் பொங்கி வழிந்தது. பீகாரில் மட்டும் விண்ணப்பமும் இறப்பெண்ணின் அளவிலேயே நின்றுவிட்டது. அங்கே எண்ணிக்கை சரி என்று இதனாற் கொள்ளலாமா? சோதனைச் சீட்டும் மரணச் சான்றும் கையில் இல்லாத குடும்பம் எதைக் காட்டி விண்ணப்பிக்கும்?

இதுவரை கோடியும் லட்சமுமாகப் பேசினோம். ஒரே ஒரு மரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சமூகத்து அம்மையார் ஒருவரின் கணவர், அரிசி ஆலையொன்றில் மூட்டை தூக்கி வாழ்ந்தவர், 2021 மே மாதத்தில் மூச்சுத்திணறலுடன் தனியார் வைத்தியசாலை ஒன்றில் சேர்க்கப்பட்டு நான்காம் நாள் இறந்தார். மூக்குச்சளி எடுத்துச் சோதித்ததில் நோய் இல்லை என்று வந்தது. மார்புப் படத்திலோ நோயின் குறி முழுதும் தெரிந்தது. சான்றில் 'இதயம் நின்றமையால் மரணம்' என்று எழுதிக் கொடுத்தனர். இறப்பவர் எல்லார்க்கும் இதயம் நிற்கும். காரணம் எழுதும் இடத்தில் விளைவை எழுதியது அது. பெயரிட வேண்டிய இடத்தில் வினைமுற்றை இட்டது போன்றது. அதனால் அவர் கணவர் மாநில அறிக்கையில் இல்லை. உதவித்தொகைக்கும் இடமில்லாமற் போயிற்று. தகப்பனை இழந்த குழந்தைகளுக்கென்று நம் மாநில அரசினர் அறிவித்த 3 லட்ச ரூபாயும் எட்டாக்கனியாயிற்று.

அம்மையார்க்கு எழுத்தறிவு குறைவு. ஆனால் ஒரு காகிதத்தையும் எறியாத குணம் இருந்தது. மார்புப்படம், மருந்துச் சீட்டுக்கள், வைத்தியசாலைக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரு தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். இத்தகைய வழக்குகளை ஆராய ஜில்லாதோறும் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. நம் சங்கத்து இளைஞர் இருவர் அக்குழுவுக்கு மனு எழுதிக் கொடுத்து மும்முறை உடன் சென்றனர். முதன்முறை படம் போதாதென்றனர். இரண்டாம் முறை வைத்தியசாலையின் நோயாளர் குறிப்பேட்டின் நகல் கேட்டனர். வைத்தியசாலையார் அதனைத் தரப் பதினொரு வாரம் ஆயிற்று. மூன்றாம் முறை சான்று திருத்தப்பட்டது. பணமும் வந்தது. அன்று அம்மையார் எம்மிடம் வினவியது பணத்தைப் பற்றி அன்று. 'ஐயா, இனிமேல் அந்தக் கணக்கில் அவரும் உண்டு அல்லவா?' என்றார். உண்டு என்றோம்.

ஒருவரைச் சேர்த்துவிட்டோம். நம்மவருள் இன்னும் எத்தனை பேர் வெளியே நிற்கின்றனர்? நம் மாதப் பத்திரிகையின் 2021-ம் ஆண்டு இதழ்களை அடுக்கி வைத்துக்கொண்டு இரங்கற்செய்திப் பக்கங்களைப் படித்துப் பார்த்தோம். ஜூன், ஜூலை இதழ்களில் அப்பக்கம் நீண்டு, கதைப்பகுதியை விழுங்கியிருக்கிறது. 'சில நாள் நோயுற்று', 'திடீரென்று', 'இறைவனடி சேர்ந்தார்' என்னும் தொடர்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. நோயின் பெயர் சொன்ன செய்தி மிகச் சில. அண்டை வீட்டார் ஒதுங்குவர், பெண் கொடுக்கத் தயங்குவர் என்றெல்லாம் அஞ்சி மறைத்தனர். அவர் அச்சத்தை யாம் குறை கூறோம். ஆயினும், வாயில் நான்கு என்று முன்னர்ச் சொன்னோமே, ஐந்தாவது வாயில் ஒன்று நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதை அடைத்தவர் நாமே.

ஆதலின் நிருவாகசபையார் இசைவோடு இரண்டு ஏற்பாடுகள் இவ்வாண்டு முதல் நடைபெறும். முதலாவது, மரணம் நேர்ந்த வீட்டார்க்கு உதவி. மரணத்தை 21 நாளைக்குள் பதிவு செய்தல் வேண்டும். தவறினால் 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடும், ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியோடும், அதற்குமேல் மாஜிஸ்திரேட்டின் உத்தரவோடும் பதியலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டப்படி, மரணக் காரணச் சான்றை வைத்தியசாலையார் பதிவாளருக்கு அனுப்புவதோடு, நெருங்கிய உறவினர்க்கும் ஒரு நகல் கொடுக்கக் கடமைப்பட்டவர். அதனைக் கேட்டு வாங்குங்கள். 'இதயம் நின்றது', 'மூச்சு நின்றது' என்று மட்டும் எழுதியிருப்பின், அதற்கு மூலமான நோய் யாது என்று அங்கேயே பணிவாக வினவுங்கள். துக்கவீட்டார்க்கு அப்போது நா எழாது. ஆகையால் ஊருக்கு இருவராக இளைஞர்கள் உடன் வருவார்கள். ஏட்டில் ஏறிய பிழையைத் திருத்துதற்கும் அச்சட்டத்தின் 15-ம் பிரிவு இடந்தருகிறது.

இரண்டாவது, சங்கத்தில் ஒரு மரணப் பதிவேடு. 2020 மார்ச்சு முதல் நம் குடும்பங்களில் நேர்ந்த மரணங்களை அதில் எழுதுவோம். பெயர், வயது, தொழில், இறந்த இடம், வசித்த இடம், வீட்டில் அறை எத்தனை, அவ்வறைகளில் வாழ்ந்தோர் எத்தனை பேர், தடுப்பூசி இட்டதா, சான்றில் எழுதிய காரணம், வீட்டார் சொல்லும் காரணம் என்று பத்திகள் வகுத்திருக்கிறோம். கடைசி இரண்டு பத்திகளும் ஒத்திராவிடின் இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். ஒன்றை அடித்து ஒன்றை வைத்தல் கூடாது. பெயர்கள் வெளியிடப்படமாட்டா. ஏடு வாசலில், காரியதரிசி அவர்களின் மேசைமேல் இருக்கிறது. காரணம் தெரியாதவர்கள் 'தெரியவில்லை' என்று எழுதுதற்கும் அப்பத்திகளில் இடம் விட்டிருக்கிறோம்.